தெளுவும் தேறலும்

கோயமுத்தூரிலிருந்து அவிநாசிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கருமத்தம்பட்டி என்னும் ஊர் இருக்கிறது. இன்று அது விசைத்தறிகளின் ஓசை நிறைந்த ஊர். ஆயினும் சாலையை விட்டு இறங்கிச் சற்று உள்ளே நடந்தால், காட்டு வரப்புகளில் பனைகள் நிற்பதைக் காணலாம். கொங்கு நாட்டில் காடு என்றால் புலி வாழும் இடம் அன்று. மழையை நம்பிச் சோளமும் கம்பும் விளைவிக்கும் புன்செய் நிலம். அந்நிலத்தின் எல்லைக்கு அடையாளமாகவும், காற்றுக்குத் தடுப்பாகவும், ஆபத்துக் காலத்துக்கு ஒரு சேமிப்பாகவும் நம் முன்னோர் வைத்துச் சென்றவை இப்பனைகள்.

இவ்வூரில் இரண்டு பானங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று, பழமை வாய்ந்த செபமாலை மாதா ஆலயத்தின் திருப்பலியில் சிறு கிண்ணத்தில் வைக்கப்படும் திராட்சை இரசம். அது திராட்சைப் பழத்திலிருந்தே உண்டானதாகவும், வேறு பொருள் கலவாததாகவும், கெட்டுப் போகாததாகவும் இருத்தல் வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் விதி. மற்றொன்று, மாசி முதல் ஆனி வரையிலான வேனிற் பருவத்தில் பனைகளிலிருந்து இறக்கப்படும் தெளுவு. மற்ற மாவட்டத்தார் பதநீர் என்பதைக் கொங்கு நாட்டார் தெளுவு என்பர்.

இரண்டிற்கும் அடிப்படைப் பொருள் ஒன்றே: சர்க்கரை கரைந்த நீர். ஆனால், திராட்சைச் சாறு ஆண்டுக்கணக்கில் சாடிக்குள் இருக்கிறது. அதனை மதுவாக்கிப் பழகிய குடும்பங்கள் மேலைநாடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தோட்டமும் நிலவறையும் உடையனவாய் நிலைத்து நிற்கின்றன. பனஞ்சாறோ காலையில் இறக்கினால் மாலைக்குள் மாறிவிடுகிறது. பனை ஏறிய குடும்பத்துக்கு நிலவறையும் இல்லை. சேமித்து வைத்து விலை வந்தபோது விற்கும் வசதியும் இல்லை. ஏன் இந்த வேறுபாடு? விடை பெரும்பாலும் பானையின் உட்புறத்தில் இருக்கிறது.

முதலில் சாறு எவ்வாறு மதுவாகிறது என்பதைப் பார்ப்போம். மனிதன் மதுவைச் 'செய்கிறான்' என்று நாம் சொல்வது முழு உண்மை அன்று. பழத்தின் தோலிலும், பூச்சிகளின் காலிலும், பழகிய பாத்திரத்தின் சுவரிலும் ஈஸ்ட் என்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் ஒட்டியிருக்கிறது. இனிப்பான சாறு கிடைத்ததும் அது பெருகி, சர்க்கரையைச் சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. வாயு நுரையாகப் பொங்குகிறது. சாராயம் சாற்றிலேயே தங்குகிறது. இதுவே நொதித்தல். நூறு பங்கு சர்க்கரையில் ஏறக்குறைய ஐம்பது பங்கு சாராயமாக மாறும் என்பது இரசாயன நூலார் கணக்கு. இதனோடு இயற்கை நின்றுவிடுவதில்லை. காற்றுப் பட்டால் வேறொரு வகை நுண்ணுயிர் வந்து சாராயத்தைக் காடியாக மாற்றிவிடுகிறது. ஆகவே மது என்பது இனிப்புக்கும் புளிப்புக்கும் இடையிலுள்ள ஒரு நிலை. அந்த இடைநிலையில் நிறுத்தி வைப்பது ஒரு கலை. அந்த நிலை தொடங்காமலே தடுப்பது இன்னொரு கலை.

இவ்வுண்மையைத் தெளிவாக்கியவர் லூயி பாஸ்டர். பிரான்சு நாட்டு மது ஏற்றுமதியாகும் வழியில் கெட்டுப்போவதைக் கண்ட மூன்றாம் நெப்போலியன், 1863-இல் அதன் காரணத்தை ஆராயுமாறு அவரைக் கேட்டுக்கொண்டான். பாஸ்டர் தாம் வளர்ந்த ஆர்புவா என்னும் சிற்றூரிலேயே ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஜூரா மலைப்பகுதியிலுள்ள அவ்வூர், குடும்பத்தார் தம் கையாலேயே கொடி வளர்த்துச் சாறு பிழியும் தோட்டங்கள் நிறைந்தது. 1866-இல் மதுவைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். 1874-இல் ஆர்புவாவுக்கு அருகே ஒரு திராட்சைத் தோட்டத்தையே விலைக்கு வாங்கினார். 1878-இல் அங்கே அவர் செய்த சோதனை எளிமையானது. காய்கள் பழுக்குமுன் சில கொடிகளைக் கண்ணாடிக் கூண்டால் மூடினார். கூண்டுக்குள் பழுத்த பழங்களைப் பிழிந்தபோது சாறு சாறாகவே இருந்தது. வெளியே பழுத்தவற்றின் சாறு பொங்கி எழுந்தது. மதுவை உண்டாக்குவது சாற்றின் இயல்பன்று, வெளியிலிருந்து வந்து சேரும் உயிரே என்பது இதனால் உறுதியாயிற்று. பாட்டில்களைச் சற்றே சூடாக்கினால் கெடுக்கும் உயிர்கள் அழியும் என்று அவர் கண்ட வழியையே இன்று பால் பண்ணைகளும் பின்பற்றுகின்றன.

பாஸ்டர் காரணத்தைக் கண்டவர். காரியத்தை அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே குடியானவர்கள் கண்டிருந்தனர். காக்கசஸ் மலைக்குத் தெற்கே ஜார்ஜியா என்னும் நாட்டில், சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மட்பாண்ட ஓடுகளில் திராட்சை மதுவின் அடையாளங்களைக் கண்டதாக 2017-இல் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். திராட்சை மதுவுக்கு இதுவரை அறியப்பட்ட மிகப் பழைய சான்றுகளுள் அது ஒன்று. அந்நாட்டுக் குடும்பங்கள் இன்றும் குவெவ்ரி என்னும் முட்டை வடிவத் தாழிகளைப் பயன்படுத்துகின்றன. தாழியைக் கழுத்துவரை மண்ணுக்குள் புதைத்துவிடுவர். தாழிகள் புதைந்த அறைக்கு மரானி என்று பெயர். நம் வீடுகளில் குலுதாடி இருக்கும் இடம் போல அது வீட்டின் ஓர் அங்கம். இலையுதிர் காலத்தில் பழங்களைக் குடைந்த மரத்தொட்டியில் இட்டுக் காலால் மிதிப்பர். சாறும் தோலும் விதையும் தாழிக்குள் சேரும். பொங்கி அடங்கியதும் மூடி போட்டு மண்ணால் பூசிவிட்டால், வசந்த காலத்தில்தான் திறப்பர். மண்ணுக்குள் வெப்பம் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. இம்முறையை யுனெஸ்கோ நிறுவனம் 2013-இல் மனிதகுல மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது தாழியின் உட்புறம். சுட்ட மண்ணில் நுண்துளைகள் உண்டு. வெறும் தாழியில் மதுவை வைத்தால் அது கசியும்; காற்றும் உள்ளே புகும். ஆகவே தாழியைச் சூடாக்கித் தேன்மெழுகை உருக்கி உள்ளே தடவுகின்றனர். மெழுகு துளைகளுக்குள் இறங்கி நின்றுவிடுகிறது.

இதே வேலைக்கு உரோமாபுரியார் மரப்பிசினைப் பயன்படுத்தினர். இரு கைப்பிடியும் கூரிய அடியும் உடைய அவர்களுடைய மதுச் சாடிகளின் உட்புறம் பிசின் பூசப்பட்டிருக்கும். அச்சாடிகளின் ஓடுகள் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் கிடைத்தன. கேரளத்துப் பட்டணத்திலும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. யவனர் கப்பலில் கொண்டுவந்த தேறலைப் பாண்டிய மன்னன் பொற்கலத்தில் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருப்பது கல்லூரி மாணவர்கள் அறிந்ததே. கொங்கு நாடும் இதற்கு அயலன்று. மேலைக் கடற்கரையிலிருந்து பாலைக்காட்டுக் கணவாய் வழியாக நொய்யற் கரையைப் பற்றிக் கரூருக்குச் சென்ற பழைய வணிகப் பெருவழி, இன்றைய கருமத்தம்பட்டிக்குத் தெற்கே அதிகத் தொலைவில் இல்லை. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் உரோமரின் வெள்ளிக் காசுகள் ஐந்நூற்றுக்கு மேல் புதையலாகக் கிடைத்தன. நம்மிடமிருந்து மிளகும் மணிக்கற்களும் போயின. பிசின் பூசிய சாடிகள் வந்தன.

மாதக்கணக்கில் கடலில் அலைந்த பின்னும் அந்த மது குடிக்கத் தகுந்ததாக இருந்தமைக்குப் பிசின் மட்டும் காரணம் அன்று. திராட்சையின் இயற்கை அதற்குத் துணை நிற்கிறது. பழுத்த மதுத் திராட்சையில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் சர்க்கரை இருக்கும். ஆகவே 12 சதவிகித அளவுக்குச் சாராயம் உண்டாகிறது. சாற்றிலேயே டார்ட்டாரிக் அமிலம் என்னும் புளிப்பு இருக்கிறது. தோலில் துவர்ப்புப் பொருள் இருக்கிறது. இவை மூன்றும் சேர்ந்து கெடுக்கும் உயிர்களை அடக்கிவைக்கின்றன. பனஞ்சாற்றில் சர்க்கரை 10 முதல் 14 பங்கு வரைதான். புளிப்பும் இல்லை, துவர்ப்பும் இல்லை. பாளையிலிருந்து சொட்டிய சில மணி நேரத்தில் ஈஸ்டும், அதனோடு பலவகைப் பாக்டீரியாக்களும் ஒரே சமயத்தில் அதன்மீது பாய்கின்றன. சாராயம் நான்கைந்து சதவிகிதத்தை எட்டுமுன்பே புளிப்பும் ஏறத் தொடங்குகிறது. நுரைத்துக்கொண்டே இருப்பதால் மூடி வைத்தால் கலயம் வெடிக்கும். திறந்து வைத்தால் காடியாகும். கள்ளுக்கு நிலவறை அமையாத காரணம் இதுதான். அதை இறக்கியவன் அன்றைக்கே விற்றாக வேண்டும். வாங்குபவன் சொன்னதே விலை.

இனிப் பனையேறும் குடும்பத்தின் வேலையைப் பார்ப்போம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் புத்தகங்களில் நொதித்தலைப் படிக்கும் மாணவர் பலரும் பாளை சீவுவதைக் கண்ணால் கண்டதில்லை.

பனையில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரம். இரண்டிலும் சாறு உண்டு. ஆண் பனையில் பூங்கதிர்கள் வெளிப்படும்போது அவற்றைச் சேர்த்துக் கட்டி, மரத்தாலான கடிப்புக் கோலால் நாள்தோறும் இதமாக அழுத்தித் தருவர். பெண் பனையில் இளங்குலை தோன்றும்போது குரும்பைகளுக்கு நடுவே அழுத்துவர். அழுத்தம் மிகுந்தால் பாளை நசுங்கி அழுகிவிடும். குறைந்தால் சாறு ஊறாது. எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை எந்தப் பாடநூலும் சொல்ல முடியாது. தகப்பன் கையைப் பார்த்து மகன் கை பழக வேண்டும். சில நாட்கள் கழித்து நுனியை அரிவாளால் சீவினால் சாறு துளிர்க்கும். அதன்பின் காலையும் மாலையும் மெல்லிய ஏடுபோல ஒரு சீவல். சீவத் தவறினால் வெட்டுவாய் காய்ந்து மூடிக்கொள்ளும். நல்ல நாள் கெட்ட நாள் என்று வேலையை நிறுத்த முடியாது. ஒருவர் 30, 40 மரங்களைப் பார்த்துக்கொள்வதுண்டு. ஒவ்வொரு மரத்திலும் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குவதென்றால், அவர் ஏறும் உயரத்தை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். மரம் 60 அடி என்று வைத்துக்கொண்டால், 30 மரத்துக்கு ஒருநாளில் 3,600 அடி ஏற்றம். அதே அளவு இறக்கம். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி, இவற்றைத் தவிர வேறு துணை இல்லை. தவறி விழுந்தவர்கள் பிழைப்பது அரிது. பிழைத்தாலும் மறுபடி ஏறுவது அரிது.

இப்போது கலயத்துக்கு வருவோம். கள் வேண்டுமென்றால் நேற்றைய கலயத்தையே இன்றும் கட்டினால் போதும். அதன் சுவரில் தங்கிய ஈஸ்ட், புதுச் சாறு விழுந்தவுடனே வேலையைத் தொடங்கிவிடும். தெளுவு வேண்டுமென்றால் கலயத்தைக் கழுவிக் காயவைத்து, உட்புறத்தில் நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்துப் பூச வேண்டும். சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. அந்தக் காரத்தில் ஈஸ்டும் பாக்டீரியாவும் பெருக மாட்டா. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே அரிவாள். பூசிய கலயத்தில் விழுந்தால் குழந்தையும் குடிக்கும் இனிப்பு நீர், பூசாத கலயத்தில் விழுந்தால் கள்.

மெழுகும் பிசினும் செய்யும் வேலையைச் சுண்ணாம்பு செய்வதாக நினைத்துவிடக் கூடாது. அவை காற்றைத் தடுத்து, உண்டான மதுவைக் காக்கின்றன. சுண்ணாம்போ மது உண்டாவதையே தடுக்கிறது. அதன் அளவும் கைப்பழக்கத்தால் அறியப்படுவதே. குறைந்தால் சாறு அரைப்புளிப்பாய் நுரைக்கும். மிகுந்தால் நாக்கு எரியும். மேகமூட்டமான நாளில் சற்றுக் கூடுதலாகவும், மரத்துக்கு மரம் ஊறும் அளவைப் பார்த்தும் பூசுவர். அளவுக் கருவி எதுவுமின்றி, காடித்தன்மை, காரத்தன்மை என்னும் சொற்களைக் கேள்விப்படாமலேயே, ஒவ்வொரு நாளும் முப்பது சோதனைக் குழாய்களைச் சரியாகத் தயாரித்தவர்கள் அவர்கள் என்று சொல்லலாம்.

சுண்ணாம்பும் ஒருநாளைக்குத்தான் காவல். அதற்குமேல் வைக்க வேண்டுமென்றால் நெருப்பு வேண்டும். ஆண்கள் இறக்கி வந்த தெளுவைப் பெண்கள் வடிகட்டி அகன்ற தாழியில் ஊற்றிக் காய்ச்சுவர். காய்ந்த பனையோலையும் மட்டையுமே விறகு. பொங்கி வழியாதிருக்க ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவர். பாகு முற்றியதா என்று பார்க்க ஒரு துளியை நீரில் விட்டு விரலால் உருட்டுவர், உருண்டால் பதம். கொட்டாங்கச்சிகளில் ஊற்றி ஆறவைத்தால் கருப்பட்டி. எட்டுப் பத்து லிட்டர் தெளுவு காய்ந்தால் ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். புகையடிக்கும் பரணில் வைத்தால் அடுத்த பருவம் வரை இருக்கும். ஜார்ஜியக் குடும்பத்துக்கு மண்ணுக்குள் புதைந்த தாழி எதுவோ, அதுவே கொங்குக் குடும்பத்துக்கு அடுப்புக்கு மேலிருந்த பரண். ஆனால், ஒரு வேறுபாடு: அங்கே நிலமும் கொடியும் தாழியும் ஒரே குடும்பத்துக்கு உரியவை. இங்கே பனை பெரும்பாலும் நிலம் உடையவருக்கு உரியது. ஏறுபவர் விளைவில் ஒரு பங்குக்கே உரியவர். உழைப்பு தலைமுறையாக வந்தது, உடைமை வரவில்லை.

கலயத்தின் உட்பூச்சு கைத்தொழில் இரகசியமாக இருந்தது போய், அது அரசாங்கச் சட்டத்தின் எல்லைக்கோடாகவும் ஆயிற்று. இராஜாஜி முதன்மந்திரியாயிருந்தபோது சென்னை மாகாண மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டு, 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. சேலம் கொங்கு நாட்டின் ஒரு பகுதி என்பது நினைவிருக்கட்டும். 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. பூசாத கலயம் குற்றமாயிற்று. பூசிய கலயத்துக்கு இசைவு இருந்தது. அந்நாளில் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா பனைவெல்லத்தை வற்புறுத்திப் பேசினார். கரும்பு நீர்வளமுள்ள வயலைப் பிடித்துக்கொள்கிறது. பனை வறண்ட வரப்பில் தானே வளர்கிறது. இனிப்பைப் பனையிலிருந்து எடுத்துக்கொண்டால் வயல் உணவுத் தானியத்துக்கு மிஞ்சும் என்பது அவருடைய வாதம். கருமத்தம்பட்டி போன்ற மானாவாரி நிலத்தில் நின்று பார்த்தால் அவ்வாதத்தின் வலிமை நன்கு விளங்கும்.

பின்னர் 1971-இல் மதுவிலக்குத் தளர்ந்தது; 1974-இல் மீண்டும் இறுகியது; 1981-இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் மறுபடியும் இடம் கிடைத்தது; 1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து அவை மீண்டும் தடை செய்யப்பட்டன. கருமத்தம்பட்டியிலிருந்து மேற்கே ஐம்பது கிலோமீட்டர் அளவில் வாளையாற்றைக் கடந்தால் கேரளம். அங்கே கள் சட்டத்துக்கு உட்பட்ட பொருள். பாலைக்காட்டுச் சித்தூரிலிருந்து அம்மாநிலத்தின் பல பகுதிகளுக்கும் கள் செல்கிறது. ஒரே கணவாயின் இருபுறத்திலும் ஒரே சாற்றுக்கு இருவேறு நீதி இருப்பது முறையா என்று கொங்கு நாட்டு உழவர் அமைப்புகள் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றன. குடியால் கெட்ட குடும்பங்களைக் கண்டவர்கள், கலயத்தின் பூச்சைத் தளர்த்தினால் கதவு முழுவதும் திறந்துவிடும் என்று அஞ்சுகின்றனர். இரு தரப்பாரின் கவலையும் உண்மையானதே. ஆயினும் இவ்வாதத்தில் இரு தரப்பாருமே மறந்துவிடும் ஒன்று எனக்குத் தென்படுகிறது. கலயத்தில் பூசுவதா, பூசாது விடுவதா என்பதைத் தீர்மானிப்பதற்கு, முதலில் கலயத்தை மேலே கொண்டு சென்று கட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் தம் மகனை விசைத்தறிக்கும் பின்னலாடைத் தொழிலுக்கும் அனுப்பிவிட்டார். அவரைக் குறை கூற யாருக்கும் உரிமை இல்லை.

அண்மைக் காலத்தில் நான்காவது வகைப் பாத்திரம் ஒன்று வந்திருக்கிறது. தென்னஞ்சாற்றை நீரா என்ற பெயரில் இறக்குவதற்குத் தமிழக அரசு 2017-இல் விதிகளைத் திருத்தி இசைவளித்தது. காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கென ஒரு பெட்டியை வகுத்திருக்கின்றனர். சாறு விழும் பையைச் சுற்றிப் பனிக்கட்டி இருக்கும். குளிரில் ஈஸ்ட் உறங்கிவிடுகிறது. சுண்ணாம்பின் சுவையும் சேர்வதில்லை. தென்னைக்கு இது பொருந்தும். குறுகிய இரகங்களில் ஏறுவதும் எளிது. அறுபதடிப் பனைக்குப் பனிக்கட்டிப் பெட்டியைச் சுமந்து நாளுக்கு இருமுறை ஏறுவது எப்படி என்பதை ஆராய்ச்சியாளர் இன்னும் சிந்திக்க வேண்டும்.

பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சித் தலைவரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. பனங்கொட்டைகளை ஏரிக்கரைகளில் ஊன்றும் பணியில் மாணவர்கள் பலர் ஈடுபட்டும் வருகின்றனர். அவ்வாறு ஊன்றியவர்களுக்கு ஒரு செய்தி: இன்று ஊன்றிய கொட்டையிலிருந்து எழும் மரம் பாளை விட ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஆகும், அது ஆண் பனையா பெண் பனையா என்பது அந்த முதற் பாளை வெளிவரும் வரை யாருக்கும் தெரியாது.